சம்பந்திகள் இருவர், மணவாழ்க்கை ஒன்று: 'கசால், கசாலி, கசாலோ' – ஒரு நிகழ்வு ஆய்வு

பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் 'பலாயே' என்றொரு சொல் உண்டு. மாப்பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் நடுவே உள்ள உறவைக் குறிப்பது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லப்போனால் 'என் மகளுடைய கணவரின் அம்மா' என்று படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். நமக்கு 'சம்பந்தி' என்ற ஒரு சொல் போதும், அவர்களுக்கும் அப்படியே. மாமனார் மாமியாருக்கு 'பியெனான்', மருமகன் மருமகளுக்கு 'மனுகாங்', நம் சகலைக்கும் ஓர்ப்படிக்கும் சேர்த்து 'பிலாஸ்'. கல்யாணத்தால் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒவ்வோர் ஆளுக்கும் பெயர் வைத்திருக்கும் மொழி அது.

2006 டிசம்பரில் மணிலாவில் வெளியான 'கசால், கசாலி, கசாலோ' என்ற காதல் நகைச்சுவைப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு இந்தப் 'பலாயே'தான் காரணம். புதுமணத் தம்பதியின் கதை என்றுதான் படத்தைச் சொல்வார்கள். என் வாசிப்பில் அது இரண்டு சம்பந்தியம்மாக்களின் கதை. அந்த இருவரும் ஒரே மேசைக்கு வந்து சேர எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதன் கதை.

தலைப்பிலேயே அந்த நடை இருக்கிறது. 'கசால்' என்றால் திருமணம். ஸ்பானிய மொழியின் 'கசார்' என்ற வினையிலிருந்து வந்த சொல்; மூன்று நூற்றாண்டுக்கு மேல் நீண்ட ஸ்பானிய ஆட்சியும் கத்தோலிக்கத் தேவாலயமும் விட்டுச் சென்றது. 'கசாலி' என்றால் உடன் சேர்ந்தவர், இதில் பங்குள்ளவர். 'கசாலோ' என்றால் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுபவர். இந்த இரண்டும் மண்ணின் சொற்கள். 'க' என்ற முன்னொட்டு 'உடன்' என்ற பொருள் தரும்; 'சாலி' சேர்வது, 'சாலோ' பகிர்ந்து உண்பது. ஓர் அயற்சொல்லில் தொடங்கி, கூட்டம் சேர்த்து, சோற்றுத் தட்டில் வந்து முடியும் தலைப்பு. கல்யாணம் செய்துகொள்பவர்கள் இரண்டு பேர். 'கசாலி' எத்தனை பேர் என்பதில்தான் சண்டை. 'கசாலோ' ஆவதற்குள் பாதி ஆயுள் போய்விடும்.

கதை எளிமையானது. ஆஞ்சியும் ஜெட்டும் காதலிக்கிறார்கள். ஆஞ்சி கர்ப்பமாகிறாள். அவசரக் கல்யாணம். ஆஞ்சியின் அம்மா பெலிதா மனதில் பட்டதை உரக்கச் சொல்பவர். ஜெட்டின் அம்மா சரீத்தோ வசதியான குடும்பத்துப் பெண்மணி, எல்லாம் ஒழுங்காக, ஊர் பார்க்கும்படி நடக்க வேண்டும் என்று நினைப்பவர். கல்யாண ஏற்பாட்டிலேயே இருவருக்கும் முட்டிக்கொள்கிறது. அங்கே ஆரம்பித்தது கணவன் மனைவி சண்டைக்குள் புகுந்து, எங்கே தங்குவது, பிள்ளையை எப்படிச் சுமப்பது என்று எல்லாவற்றிலும் கையை நீட்டுகிறது. எழுதி இயக்கியவர் ஹோசே ஹாவியர் ரெயெஸ், தயாரித்தது ஸ்டார் சினிமா. ரெயெஸ் 1980களின் தொடக்கத்திலிருந்து திரைக்கதை எழுதி வந்தவர். நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைப் பேச்சை அவரைப்போல எழுதியவர்கள் அந்த நாட்டில் குறைவு.

'தலையிடுவது' என்பதற்குத் தகாலோக்கில் 'பக்கியலாம்' என்ற சொல் புழங்குகிறது. ஓயாமல் தலையிடும் பெண்ணைப் 'பக்கியலமேரா' என்பார்கள். திட்டுச்சொல்தான். ஆனாலும் 'பக்கியலாம்' இல்லாத அம்மாவை அங்கே யாரும் நல்ல அம்மா என்று சொல்வதில்லை. இந்த முடிச்சை ரெயெஸ் அவிழ்க்காமல் அப்படியே வைத்திருப்பதுதான் படத்தின் நேர்மை. பெலிதாவும் சரீத்தோவும் வில்லிகள் இல்லை. அந்தத் தம்பதியின் கதவைத் தட்டாமல் திறப்பவர்கள், அவ்வளவுதான். கதவுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாதது ஆஞ்சி, ஜெட் இருவருடைய குறை.

அந்த இரண்டு வேடங்களுக்கும் ஆள் தேர்ந்த விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படம் நிற்பது அதில்தான். சரீத்தோவாக வந்தவர் குளோரியா டியாஸ். 1969இல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் உலகப் பேரழகி பட்டமான மிஸ் யுனிவர்ஸை வென்றவர். அந்தப் பட்டத்தைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்த முதல் பெண். கழுத்தை நிமிர்த்தி அவர் ஓர் அறைக்குள் நுழையும்போதே பார்ப்பவர்களுக்கு அந்தக் கிரீடம் நினைவுக்கு வந்துவிடும். வசனம் எதுவும் தேவையில்லை, 'பெரிய இடம்' என்பது உடம்பிலேயே எழுதியிருக்கிறது. பெலிதாவாக வந்தவர் ஜீனா பரென்யோ. 1960களில் சம்பகிதா பிக்சர்ஸ் ஸ்டூடியோ வளர்த்தெடுத்த இளம் நட்சத்திரக் கூட்டத்தில் ஒருவர். மேலே போய், கீழே வந்து, மறுபடி எழுந்தவர். அதே 2006இல் மணிலாவின் குடிசைச் சந்துகளில் சூதாட்டச் சீட்டுக்குப் பணம் வசூலிக்கும் பெண்ணாக 'குப்ரதோர்' படத்தில் நடித்தார். ஜெஃப்ரி ஜெதூரியன் இயக்கிய அந்தப் படத்துக்காக டெல்லியில் நடந்த ஓசியன்ஸ் சினிஃபேன் ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார். நம் நாட்டுத் தலைநகரில் விருது வாங்கிய முகம்தான் சில மாதம் கழித்துக் கிறிஸ்துமஸ் படத்தில் சம்பந்திச் சண்டை போடுகிறது. வறுமையைத் தோளில் சுமந்து நடந்த உடம்பு அது. அதனால் பெலிதா கத்தும்போது சிரிப்பு வருகிறது, கூடவே மரியாதையும் வருகிறது. தன் மகளை யாரும் இளப்பமாக நினைத்துவிடக் கூடாது என்ற பதற்றம்தான் அவருடைய சத்தம்.

இருவருக்கும் இடையில் ஆஞ்சியாக நின்றவர் ஜூடி ஆன் சான்டோஸ். குழந்தையாக இருந்தபோதே தொலைக்காட்சிக்கு வந்தவர். 1992இல் தொடங்கி 1997 வரை ஓடிய 'மாரா கிளாரா' தொடரில் அவர் அழுத அழுகையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அழுவதற்கென்றே பிறந்த நாயகி என்று ஊர் முடிவுகட்டி வைத்திருந்த நேரத்தில் இந்த நகைச்சுவை வந்தது. நாயகன் ரயன் அகோன்சில்யோ தொலைக்காட்சித் தொகுப்பாளராக அறிமுகமானவர். நிஜ வாழ்க்கையிலும் இருவரும் காதலர்கள் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். படத்தில் கல்யாணம் 2006இல் நடந்தது. அவர்களுடைய கல்யாணம் 2009 ஏப்ரல் 28 அன்று படாங்காஸ் மாகாணத்தில் நடந்தது. சம்பந்தி வீட்டுச் சண்டைகளைத் திரையில் ஒத்திகை பார்த்துவிட்டுக் கல்யாண மேடை ஏறிய தம்பதி என்று அவர்களை நான் பிரியமாக நினைத்துக்கொள்வதுண்டு.

டிசம்பரில் ஏன்?

இந்தப் படம் வெளியானது மணிலா பெருநகரத் திரைப்பட விழாவில். 1975 முதல் நடக்கும் விழா அது. கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கும். ஜனவரி முதல் வாரம் தாண்டும் வரை திரையரங்குகளில் உள்நாட்டுப் படங்கள் மட்டும், ஹாலிவுட்டுக்கு இடமில்லை. கையில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் இருக்கும் காலம். அதுவும் 1975இல் வந்த ஆணைதான். பிள்ளைகளிடம் ஞானப் பெற்றோர் கொடுத்த அன்பளிப்புப் பணம் இருக்கும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை என்று மொத்தக் குடும்பமும் ஒரே வரிசையில் உட்காரும் இரண்டு வாரம்.

மாமியார் தலையீட்டைப் பற்றிய படம் ஒன்றை, மாமியாருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? சொல்ல முடியாததைச் சிரிப்பின் வழியாகச் சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. மருமகள் சிரிக்கும் இடத்தில் மாமியார் சிரிக்காமல் இருந்தால் அன்றிரவு வீட்டில் அது ஒரு செய்தி. இருவரும் ஒரே இடத்தில் சிரித்துவிட்டால் அதுவும் செய்திதான். வேறு மாதத்தில் வந்திருந்தால் இந்தப் படம் இளம் ஜோடிகளின் படமாக ஓடி முடிந்திருக்கும்.

அந்த ஆண்டு விழாவில் ஜூடி ஆன் சிறந்த நடிகை, ஜீனா பரென்யோ சிறந்த துணை நடிகை, ரெயெஸ் சிறந்த இயக்குநர். சிறந்த படம் விருது மட்டும் நன்றாக ஓடிய ஒரு கற்பனைச் சாகசப் படத்துக்குப் போனது. வசூலுக்குப் பெரிய மதிப்பெண் ஒதுக்கும் விதியை விழாக்குழு அந்த ஆண்டு வைத்திருந்தது. பெருத்த சர்ச்சை கிளம்பியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. இயக்கமும் நடிப்பும் அங்கீகாரம் பெற்றுவிட்டன.

படி ஏறுவது

கல்யாணப் பேச்சைத் தொடங்கும் சடங்குக்குப் 'பமன்ஹிக்கன்' என்று பெயர். மாப்பிள்ளை வீட்டார் சமைத்த உணவோடு பெண் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்பது. 'பன்ஹிக்' என்றால் படி ஏறுதல். மூங்கில் கால்களின் மேல் நிற்கும் பழைய வீடுகளில் ஏணிப்படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் படி இன்று சொல்லில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்கும் முன்னால், பெண்ணைக் கேட்பவன் அவள் வீட்டுக்கு விறகு வெட்டிக் கொடுத்து, தண்ணீர் சுமந்து, தன்னை நிரூபிக்கும் வழக்கம் இருந்தது. வணங்கி நிற்க வேண்டியது ஆண் தரப்பு. கல்யாணச் செலவும் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுடையது.

இதை மனதில் வைத்தால்தான் பெலிதாவும் சரீத்தோவும் எதற்காக மோதுகிறார்கள் என்பது புரியும். பெண் வீட்டுக்கு மரியாதை, மாப்பிள்ளை வீட்டுக்குச் செலவு என்று வழக்கம் பிரித்து வைத்திருக்கிறது. செலவு செய்கிறவருக்குத் தீர்மானிக்கும் உரிமை வந்துவிடுகிறது. மரியாதைக்குரியவரோ தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது என்கிறார். இரு வீடும் ஒரே வசதியில் இருந்தால் இது சமாளிக்கக்கூடிய உரசல். வசதியான வீட்டார் வந்து படி ஏறும்போது, கேட்க வந்தவர்கள் கொடுக்க வந்தவர்களாக மாறிவிடுகிறார்கள். பெண்ணைப் பெற்றவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் ஏது? இதில் பெண் ஏற்கெனவே கர்ப்பம் என்றால், பேரம் பேசும் பலம் முழுக்கப் போய்விட்டதாகப் பெண் வீடு நினைத்துக்கொள்ளும். பெலிதா அடங்கிப் போகாமல் இன்னும் உரக்கப் பேசுவது இதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

பிறகு 'நினோங்', 'நினாங்' தேர்வு. திருமணத்துக்கு ஞானத் தந்தையும் ஞானத் தாயுமாக நின்று கையெழுத்திடுபவர்கள். ஒரு ஜோடி போதும் என்று யாரும் நிறுத்துவதில்லை. ஊர் மேயர், மேலதிகாரி, பணக்கார உறவினர் என்று பட்டியல் நீளும். யாரைக் கூப்பிட்டோம் என்பதில் குடும்பத்தின் உயரம் தெரியும், யாரைக் கூப்பிடவில்லை என்பதில் பல வருடப் பகை முளைக்கும். கல்யாணம் என்பது இரு வீட்டாரும் தங்கள் உலகத்தை எதிர்த் தரப்புக்கு எடுத்துக் காட்டும் நாள். மணமக்கள் அதற்கு ஒரு சாக்கு.

வாசல் உண்டு, வெளியேறும் வழி இல்லை

இந்தப் படத்தை வெறும் கலகலப்பான படமாக என்னால் பார்க்க முடியாமல் போனதற்குப் பிலிப்பைன்ஸின் சட்டம் காரணம்.

1988 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத் தொகுப்பின் முதல் பிரிவே திருமணத்தை நிரந்தரமான இணைப்பு என்றும் மீறக்கூடாத சமூக நிறுவனம் என்றும் வரையறுக்கிறது. வத்திக்கானை விட்டுவிட்டால், விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடு உலகில் பிலிப்பைன்ஸ் ஒன்றுதான். முஸ்லிம்களுக்கு மட்டும் 1977ஆம் ஆண்டின் தனிச் சட்டம் அதை அனுமதிக்கிறது. விவாகரத்து மசோதா 2024 மே மாதம் கீழவையில் நிறைவேறியது; மேலவையைத் தாண்டாமலேயே அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்துவிட்டது.

அதே சட்டம் உள்ளே நுழையும் வாசலில் பெற்றோரை நிறுத்தியும் வைத்திருக்கிறது. 18 வயது முடிந்து 21 ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். அதோடு முடிந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். 21 முதல் 25 வயது வரை உள்ளவர்களும் பெற்றோரின் அறிவுரையைக் கேட்டாக வேண்டும். அறிவுரை கிடைக்காவிட்டாலும் அது பாதகமாக இருந்தாலும் திருமண உரிமம் மூன்று மாதம் தள்ளிப்போகும். பெற்றவர்களின் தலையீட்டுக்குச் சட்டப் புத்தகத்திலேயே நாற்காலி போட்டிருக்கிறார்கள். மாமியார் வந்து உட்காரும்போது யாரைக் குறை சொல்வது?

உள்ளே போனபின் வெளியே வர உள்ள முக்கியமான வழி 36ஆம் பிரிவு. மணவாழ்க்கையின் கடமைகளை ஏற்கும் 'உளவியல் திறன்' கல்யாணத்தின்போதே ஒருவருக்கு இல்லை என்று நிரூபித்தால், அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. இந்தப் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் முதன்முதலாக விரிவான விளக்கம் தந்தது 1995 ஜனவரியில். அந்த வழக்கின் கதையைப் படித்தபோது எனக்கு இந்தப் படத்தை மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது.

கணவர் ராணுவ அதிகாரி. 1986இல் கல்யாணம். பெண்ணின் பெற்றோர் வீட்டிலேயே குடித்தனம். மறு ஆண்டு ஆண் குழந்தை. இன்பம் நீடிக்கவில்லை. மாமனார் மாமியார் அடிக்கடி தலையிட்டதே காரணம் என்று கணவர் நீதிமன்றத்தில் சொன்னார். எப்போது, எங்கே தனிக்குடித்தனம் போவது என்று சண்டை. அவர் தன் பெற்றோர் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு வந்தால் மனைவிக்குக் கோபம். 1988இல் மனைவி செவிலியராக வேலை பார்க்க அமெரிக்கா போனார், திரும்பவில்லை. 1990இல் ராணுவப் பயிற்சிக்காக அமெரிக்கா போன கணவர் அங்கே மனைவியைத் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர் திரும்பி வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றம் மறுத்துவிட்டது. குறைபாடு கடுமையானதாக, கல்யாணத்துக்கு முன்பே வேர் உள்ளதாக, தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். இது அப்படிப்பட்டதல்ல என்றது. அந்த மனிதரின் வேதனையைத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொருவரின் பிரச்சினைக்கும் சட்டமோ சமூகமோ எப்போதும் விடை தந்துவிட முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு முடிக்கிறது. 2021இல்தான் உச்ச நீதிமன்றம் 36ஆம் பிரிவின் இறுக்கத்தைக் கணிசமாகத் தளர்த்தியது.

இப்போது ஆஞ்சியையும் ஜெட்டையும் அந்த வழக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே காரணங்கள்: இளவயதுத் தம்பதி, குழந்தை, தலையிடும் பெற்றோர், எங்கே வாழ்வது என்ற சண்டை. ஒன்றில் நாம் சிரிக்கிறோம், மற்றொன்றில் ஒரு மனிதர் அந்நிய நாட்டில் மனைவியைத் தேடி அலைகிறார். 'பிடிக்கவில்லை என்றால் பிரிந்துவிடலாமே' என்று கேட்கும் நாட்டில் எடுத்திருந்தால் இந்தப் படத்தில் இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. அந்தக் கேள்விக்கே அங்கே இடமில்லை. ஆகவே சமாதானம் என்பது கதை முடிவதற்கான சௌகரியமாக இல்லாமல், பிழைத்திருப்பதற்கான தேவையாகிறது. ரெயெஸின் பாத்திரங்கள் அவ்வளவு அவசரமாகவும் அவ்வளவு சத்தமாகவும் பேசுவதற்கு இதைத்தான் காரணமாகக் காண்கிறேன். பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர்கள் எப்படியாவது ஒத்துப்போயாக வேண்டும்.

தனிக்குடித்தனத்துக்கு அங்கே 'புகோட்' என்பார்கள். பிரித்து வைத்தல், தனியே இருத்தல் என்று பொருள். கல்யாணமானால் தனியே போய்விடுவதுதான் நல்லது என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். மணிலாவின் வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை பேருக்குக் கைகூடும் என்று. அம்மாவின் உதவி வேண்டும், அம்மாவின் பேச்சு வேண்டாம் என்று ஒரு கதவைப் பாதி மட்டும் திறந்து வைக்க முடிவதில்லை.

அடுத்த ஆண்டே, 2007 விழாவுக்கு, இரண்டாம் பாகம் வந்தது. பெயர் 'சக்கால், சக்காலி, சக்லோலோ'. முதல் பாகத்தின் ஓசையை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். 'சக்கால்' என்றால் கழுத்தை நெரிப்பது. 'சக்காலி' என்றால் ஒருவேளை. 'சக்லோலோ' என்றால் 'காப்பாற்றுங்கள்' என்ற கூக்குரல். ஆஞ்சிக்கும் ஜெட்டுக்கும் இப்போது ஒரு மகன். அவனை எப்படி வளர்ப்பது என்பதில் இரண்டு பாட்டிகளுக்கும் தனித்தனிக் கருத்து.

கல்யாணத்தில் விட்டுக்கொடுத்த பெலிதாவும் சரீத்தோவும் பேரன் விஷயத்தில் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கல்யாணம் ஒருநாள் விசேஷம், பேரன் ஆயுள் முழுவதும். ரத்த உறவே இல்லாத இரண்டு பெண்மணிகளுக்கு ஒரே ரத்தத்தில் பங்கு கிடைத்துவிட்டது. மகளுக்காகவும் மகனுக்காகவும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டவர்கள், இந்தக் குழந்தையின் முகத்தில் தங்கள் சாயலைத் தேடுகிறார்கள். அவன் அழுதால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவார்கள். யார் முதலில் தூக்குவது என்பதில் மறுபடியும் தொடங்கும்.